வயிற்றில் கரையும் புளி

வாசகர் கேள்வி பதில்: விளையாட்டும் உணவும்

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், 800 மீட்டர் ஓடுகிறாள். பயிற்சியில் நன்றாக ஓடுபவள், போட்டி நாள் காலையில் மட்டும் மூன்று நான்கு முறை கழிப்பறைக்குப் போகிறாள். இரண்டு போட்டிகளில் ஓடுவதற்கு முன்பே வாந்தியும் எடுத்துவிட்டாள். பயிற்சியாளர் இது வெறும் பயம் என்கிறார். என் அம்மாவோ, "சூட்டு வயிறு கண்ணு, கம்மங்கூழு குடிச்சாச் சரியாப் போயிரும்" என்று போட்டியன்று காலையிலும் மோர் கரைத்த கூழையே கொடுக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது, அம்மா. பயிற்சியாளர் "வெறும்" என்ற சொல்லைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம். உங்கள் தாயார் கூழுக்கு வேறொரு வேளையைத் தேர்ந்திருக்கலாம்.

அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வது அலங்காரப் பேச்சன்று. மூளை ஆபத்தை உணர்ந்ததும் அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஒரு வேதித்தூதுவரை அனுப்புகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் ஏறுகிறது. அந்த முதல் தூதுவர் செரிமானப் பாதையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளையும் செய்கிறது: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, பெருங்குடலின் அசைவை விரைவுபடுத்துகிறது. மேலே தேங்கியது குமட்டிக்கொண்டு வருவதும், கீழே இருப்பது அவசரப்படுத்துவதும் ஒரே காலையில் நேர்வது இதனால்தான். இதை மனிதர் நேரில் பார்த்தே ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் 1822 இல் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் மூடாத துளையோடு உயிர் பிழைத்த ஒருவரின் இரைப்பையை வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் அத்துளை வழியே ஆண்டுக்கணக்கில் கவனித்து, அந்த மனிதர் கோபப்படும்போதெல்லாம் செரிமானம் கெடுவதை 1833 இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்தார்.

இது மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வழி. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வழி இன்னும் அகலமானது. இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் சுமார் 80 சதவீத இழைகள் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோவதற்கே இருக்கின்றன. அந்தச் செய்தியைத் தயாரிப்பவர்களில் நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. ஒரு மனித உடலில் அவை சுமார் 38 லட்சம் கோடி இருக்கலாம் என்று 2016 இல் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் தராசில் வைத்தால் 200 கிராம்தான் வரும். நாம் செரிக்க முடியாமல் விடும் நார்ச்சத்தை அவை பெருங்குடலில் புளிக்க வைத்து, அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கியமான எரிபொருள். அது குறைந்தால் சுவர் நலிகிறது, குடலுக்குள் இருக்க வேண்டியவை இரத்தத்துக்குக் கசிகின்றன, உடல் அதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொண்டு அழற்சியை மூட்டுகிறது. உடம்பில் அழற்சி இருக்கும் நாளில் மனமும் எளிதில் கலங்குகிறது.

ஜப்பானில் 2004 இல் செய்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். பிறந்தது முதல் எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்த்த எலிகளைச் சற்று நேரம் அசைய விடாமல் அடைத்து வைத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றின் மன அழுத்த ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறின. குட்டிப் பருவத்திலேயே நல்ல பாக்டீரியா ஒன்றைக் கொடுத்த எலிகளிடம் அந்த மிகை அடங்கியது. எலிக்கு உண்மையாவதெல்லாம் கோபிசெட்டிபாளையத்து மாணவிக்கும் உண்மையாகிவிடாது. ஆயினும் அழுத்தத்தை எவ்வளவு பெரிதாக உணர்வது என்பதில் குடலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற எண்ணம் அதன் பிறகுதான் வலுப்பட்டது. "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செரட்டோனினைப் பற்றியும் ஒரு வார்த்தை: உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது என்பது உண்மை, ஆனால் அது மூளைக்குள் நேரடியாக நுழைவதில்லை. வாழைப்பழம் தின்றால் செரட்டோனின் ஊறி மனம் மகிழும் என்று யாராவது சொன்னால், பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தாயாரின் கூழுக்கு வருகிறேன். கம்பு, மோர், சின்ன வெங்காயம் ஆகிய மூன்றும் குடல் பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. வாரத்தில் நான்கு நாள் உங்கள் மகள் அதைக் குடிப்பது எனக்கு முழுச் சம்மதம். போட்டிக்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் மட்டும் அது வேண்டாம். தீவிரமாக ஓடும்போது உடல் இரத்தத்தைக் கால்களுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுவதால் குடலுக்குப் போகும் இரத்தம் 80 சதவீதம் வரை குறையலாம். அந்த நேரத்தில் நார் நிறைந்த உணவு உள்ளே இருந்தால் அது நகராமல் கிடந்து வாயுவாகும். சில ஆண்டுகளுக்கு முன் கோவை நேரு ஸ்டேடியத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு பையன் காலை ஏழரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்த்தேன். சோறு, அதன் மேல் கெட்டியான கொள்ளுப் பருப்பு, ஓரத்தில் உருகியும் உருகாமலும் நெய். "அம்மா நாலு மணிக்கே எந்திரிச்சு செஞ்சாங்க" என்று பெருமையாகச் சொன்னான். ஒன்பது மணிக்கு ஓட்டம். இரண்டாவது சுற்றில் வளைவு திரும்பும்போது அவன் வலது கை விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா சமைத்ததில் ஒரு குறையும் இல்லை. அதே சாப்பாட்டை முந்தைய நாள் மதியம் சாப்பிட்டிருந்தால் அவனுக்கு உதவியிருக்கும்.

உங்கள் மகளுக்குப் போட்டி பத்து மணி என்றால், ஏழு மணிக்குள் மூன்று இட்லியும் காரம் குறைந்த சட்னி சிறிதும் போதும். அல்லது இடியாப்பம் போன்ற சந்தகை ஒரு தட்டில் நாட்டுச் சர்க்கரை தூவிக் கொடுங்கள், தேங்காய்ப் பாலை அன்று மட்டும் மறந்துவிடுங்கள். ஒன்பது மணிவாக்கில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். பால் வேண்டாம், பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை நம்மில் பலருக்கு முழுதாகச் செரிப்பதில்லை, தயிரில் அதன் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே தின்றுவிடுவதால் தயிரை வயிறு பொறுத்துக்கொள்கிறது. இந்தக் காலை உணவைப் போட்டியன்று முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. கடினமான பயிற்சி உள்ள நாள்களில் நான்கைந்து முறை இதே நேரக் கணக்கில் கொடுத்துப் பழக்குங்கள். கால்களைப் போலவே குடலும் பயிற்சிக்குப் பழகும். பயத்தின் பங்குக்கு, ஓட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் மூச்சை மெதுவாக, இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துப் பழகச் சொல்லுங்கள். அது வேகஸ் நரம்பின் வழியே இதயத்தையும் வயிற்றையும் தணிக்கிறது.

இன்னொன்றையும் தாய் என்ற முறையில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓடும் பெண்பிள்ளைகளுக்கு அது தொடர்ந்து தள்ளிப்போனால், செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ப அவர்கள் சாப்பிடவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் எழுப்பிவிடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் என் பதிலை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வயது 22. கபடி ஆடுகிறேன். எடைப் பிரிவுப் போட்டிகளுக்காக எடை போடுவதற்கு முன் இரண்டு நாள் ஏறக்குறைய பட்டினி, கடைசி நாள் தண்ணீரும் குறைவு. ஆட்டங்கள் நடுஇரவு வரை போகும். முடிந்ததும் புரோட்டாக் கடைதான். முழங்கால் வலிக்கு ஆட்டத்துக்கு முன் மாத்திரை போட்டுக்கொள்வேன். ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன், வயிறு எப்போதும் உப்பலாகவே இருக்கிறது. இது குடல் பாக்டீரியாக் கோளாறா?
– ஓர் ஆட்டக்காரர், காங்கேயம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாக்டீரியாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அவற்றுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பட்டினியே ஓர் அழுத்தம். உணவு வராதபோது இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்க உடல் கார்ட்டிசாலைத்தான் கூப்பிடுகிறது. அதாவது, எதிரணியின் களத்துக்குள் பாடிப் போவதற்கு முன்பே உங்கள் உடல் ஓர் ஆட்டத்தை ஆடி முடித்திருக்கிறது. தண்ணீரும் இல்லாவிட்டால் இரத்தத்தின் அளவு குறைந்து, குடலுக்குப் போகும் பங்கு இன்னும் சுருங்குகிறது. வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி அடிக்கடி முதலிடம் பிடிக்கும் நம் கோடையில், உடலின் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது குடற்சுவரின் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகள் தளர்கின்றன. பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து பிரியும் நச்சுப்பொருள் அந்த வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அதன்மேல் வலி மாத்திரை வந்து சேர்கிறது. ஐபுரூஃபன் போன்றவை இரைப்பையையும் குடலையும் காக்கும் பொருள்களின் உற்பத்தியைத் தடுப்பவை. ஐபுரூஃபனை விழுங்கிவிட்டுக் கடும் பயிற்சி செய்தவர்களுக்குக் குடற்சுவரின் சேதமும் கசிவும், மாத்திரை இல்லாமல் அதே பயிற்சியைச் செய்தவர்களைவிட அதிகமாக இருந்ததை ஆய்வில் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும். உங்கள் மூன்று பழக்கங்களில் இன்றே நிறுத்த வேண்டியது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். மாத்திரை போடும் அளவுக்கு வலிக்கும் முழங்காலை ஓர் எலும்பு மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

பாக்டீரியாக்களின் பங்கு இதற்குப் பிறகே வருகிறது. பட்டினியும் மைதாவும் மாறிமாறி வரும் குடலில் நார் இல்லை. நார் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் குடற்சுவரின் மேல் படிந்துள்ள சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை 2016 இல் எலிகளில் காட்டினார்கள். கட்டுத்தறியில் தீனி இல்லாத மாடு கூரை ஓலையை இழுப்பது போலத்தான். புரதப் பவுடரையும் பலர் இந்த இடத்தில் கேட்பார்கள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன்: நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பத்து வாரம் புரதப் பவுடர் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பியூட்டிரேட் தயாரிக்கும் இனம் ஒன்று உட்பட நல்லவை எனக் கருதப்படும் சில பாக்டீரியாக்கள் குறைந்தன. புரதம் தவறு என்பதல்ல. முட்டை, கடலை, பயறு, தயிர் என்று சோற்றுக்குப் பக்கத்தில் வரும் புரதத்தோடு மற்றவையும் சேர்ந்தே வருகின்றன, டப்பாவில் வருவதோடு எதுவும் வருவதில்லை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 இல் விளையாட்டு வீரர்களின் ஆற்றல் பற்றாக்குறையை ஒரு தனி நோய்நிலையாக அறிவித்தபோது, அது பெண்களுக்கு மட்டும் உரியதன்று, ஆண்களுக்கும் வரும் என்பதை வலியுறுத்தியது. தூக்கம் கெடுவது, எரிச்சல், வயிற்றுக் கோளாறு, அடிக்கடி காயம் ஆகியவை அதன் அடையாளங்களில் அடங்கும். உங்கள் கடிதம் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

ஆகவே, இயன்றால் ஒரு பிரிவு மேலே ஆடுங்கள். இயலாவிட்டால் எடையை இரண்டு நாளில் இறக்காமல், ஆறு எட்டு வாரம் எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு அரைக் கிலோ என்ற அளவில் இறக்குங்கள். நடுஇரவு ஆட்டத்துக்குப் பின் புரோட்டாக் கடைக்கே போங்கள், வேறு கடை திறந்திருக்காது என்பது எனக்கும் தெரியும். அங்கே இட்லியும் அவித்த முட்டையும் கிடைத்தால் அவற்றைக் கேளுங்கள். வீட்டிலிருந்து தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போவது அதைவிட நல்லது. எண்ணெயில் ஊறிய மைதாவும் சால்னாவும் இரவு இரண்டு மணிக்கு உள்ளே போனால், நீங்கள் படுத்தாலும் உங்கள் வயிறு படுக்காது. இரண்டு மாதத்தில் தூக்கமும் கோபமும் தணியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். எல்லா மனக்கலக்கமும் வயிற்றிலிருந்து வருவதில்லை.

கேள்வி: உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களின் பதற்றத்தைக் குறைக்கும் என்று, நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரைகளைச் சிலர் விற்க வருகிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: வேண்டாம். அயர்லாந்து விஞ்ஞானிகள் எலிகளின் பதற்றத்தைக் குறைத்த லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை 2011 இல் அறிவித்தார்கள். வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பலன் மறைந்ததையும் காட்டினார்கள். மிக அழகான ஆய்வு. அதே வகையை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்து 2017 இல் முடிவு வெளியிட்டபோது, மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக ஒன்றும் செய்யவில்லை. வேறு சில வகைகள் சில மனிதர்களிடம் சிறிய பலன் காட்டியிருக்கின்றன. விளையாட்டு வீரர்களுக்குச் சளி, தொண்டை வலி வரும் நாள்களைச் சற்றுக் குறைப்பதற்கும் ஓரளவு சான்று உண்டு. ஆனால் ஒவ்வொரு பலனும் ஒரு குறிப்பிட்ட வகைக்கு, குறிப்பிட்ட அளவுக்கு உரியது. உங்களிடம் வருபவரின் டப்பாவில் உள்ளது அதுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலும், ஊக்கமருந்து விதிகளின்படி ஒரு வீரரின் உடலில் கண்டுபிடிக்கப்படும் எந்தப் பொருளுக்கும் அவரே பொறுப்பு. டப்பாவில் கலப்படம் இருந்தது என்று பின்னால் சொல்வது எளிதில் எடுபடாது.

பாஸ்டன் மாரத்தான் வீரர்களின் குடலில் கண்ட வெயில்லோனெல்லா என்ற பாக்டீரியாவை 2019 இல் எலிகளுக்குக் கொடுத்ததும் அவை 13 சதவீதம் அதிக நேரம் ஓடின என்ற செய்தியையும் அவர்கள் காட்டியிருப்பார்கள். அதுவும் உண்மையே. ஓடியவை எலிகள் என்பதைத் திருப்பிச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு கைப்பிடி அவித்த தட்டைப்பயறோ நிலக்கடலையோ கொடுக்க முடிந்தால், அவர்கள் குடலுக்கும் தசைக்கும் அது நிச்சயமாகப் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் அப்பாரு காலத்தில் பழைய சோறும் கம்மஞ்சோறும் தின்றுதான் வண்டி ஓட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், சிலம்பம் சுற்றினார்கள். இப்போது என் பேரன் ஹாக்கி ஆடுகிறான். கடையில் வாங்கும் ஓட்ஸும் வாசனைத் தயிரும்தான் குடலுக்கு நல்லது என்கிறான். இட்லியிலும் அதே நல்ல கிருமி இருக்கிறதல்லவா?
– சென்னிமலை வாசகர், வயது 74

பதில்: ஐயா, இட்லி மாவில் இருக்கிறது, இட்லியில் இல்லை. மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் இட்லிப் பானையின் ஆவியில் இறந்துவிடுகின்றன. ஆனாலும் அவை இரவெல்லாம் செய்த வேலை வீண்போவதில்லை. மாவு எளிதில் செரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமானால் சமைத்த பிறகு புளிக்க வேண்டும். உங்கள் வீட்டில் கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள் அல்லவா, மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் அந்தத் தண்ணீரின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒட்டியிருக்கும், மூக்கில் லேசாகப் புளிப்பு ஏறும். அந்தக் குமிழிதான் பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. பழைய சோற்றுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடல் வரை போய், அங்கே நாரின் வேலையைச் செய்கிறது.

புளித்த உணவைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2021 இல் 36 பேரை வைத்துச் செய்த ஆய்வு உங்களுக்கு ஆதரவாகவே இருக்கிறது. பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நாரை மட்டும் திடீரென்று கூட்டியவர்களிடம் அந்தக் காலத்துக்குள் வகைகள் பெருகவில்லை. ஓட்ஸைப் பழிக்க வேண்டியதில்லை, அதுவும் நார்தான். வாசனைத் தயிரில் உள்ள சர்க்கரையைத்தான் நான் வேண்டாம் என்பேன். அயர்லாந்து ரக்பி வீரர்களைச் சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டு 2014 இல் வந்த ஆய்வும், வீரர்களின் குடலில் வகைகள் மிகுந்திருப்பதைக் கண்டது. ஆனால் அவர்களின் உணவும் வேறாக இருந்ததால், ஆட்டத்தின் பங்கு எவ்வளவு, சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று அதில் பிரிக்க முடியவில்லை.

உங்கள் காலத்து நினைவில் ஒரு திருத்தம் மட்டும் செய்கிறேன். அப்பாரு காலத்தவர்கள் பழைய சோற்றால் மட்டும் உழைக்கவில்லை. கம்பு, சோளம், ராகி, கொள்ளு, பச்சைப்பயறு, அவரை, கீரை என்று பருவத்துக்கு ஒன்றாகத் தின்றார்கள். அந்த வகைமைதான் பாக்டீரியாக்களுக்கு வேண்டும். பேரனுக்குக் கொடுக்கும்போது, பழக்கமில்லாத குடல் என்பதால், முதல் வாரம் அரை டம்ளர் கம்மங்கூழில் தொடங்கி, மூன்று வாரத்தில் ஒரு சொம்புக்கு வாருங்கள். கொள்ளை இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால், வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். கம்மஞ்சோற்றை ஊறவைக்கும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். மேலே பூஞ்சை நூல் படிந்தாலோ நிறம் மாறினாலோ தயங்காமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றுங்கள். ஹாக்கி ஆட்டம் உள்ள காலையில் மட்டும் பேரன் கேட்கும் இட்லியைக் கொடுத்து, கூழை அவன் திரும்பி வரும்வரை மூடி வையுங்கள்.